பயறும் சூப்பும் வயிற்றோடு ஒத்துப்போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுண்டல் பிடிக்கும், சாம்பார் இல்லாமல் சோறு இறங்காது, காய்ச்சல் வந்தால் ரசம், ராத்திரி பசி இல்லையென்றால் ஒரு கிண்ணம் சூப். இப்படியே பழகிவிட்டு, வயிறு மட்டும் ஒவ்வொன்றுக்கும் முரண்டு பிடித்தால் என்ன செய்வது? "பருப்பை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம்தான், ஆனால் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் பருப்பையும் பயறையும் விட்டுவிட்டால் புரதத்துக்கு எங்கே போவார்? அதனால் விடாமல் சாப்பிடுவது எப்படி என்றுதான் கீழே பேசியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, வீட்டில் சமைக்கிற ஆள், கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வயிறு உள்ள ஆள்.

பயறு சாப்பிட்டால் வாயு வருவது ஏன்? எனக்கு ஏதாவது நோயா?

பெரும்பாலும் இல்லை. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்க ஆல்பா கேலக்டோசிடேஸ் என்கிற நொதி வேண்டும், அது மனிதக் குடலில் சுரப்பதே கிடையாது. உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்குமே கிடையாது. ஆகவே அந்தச் சர்க்கரை சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சாப்பிடுகின்றன, ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் வெளியே வருகின்றன. ஒரு நாளைக்குப் பத்து இருபது முறை வாயு பிரிவது இயல்புக்குள்தான் வரும்.

அப்படியானால் பக்கத்து இலையில் சாப்பிடுகிறவர் சும்மா இருக்க, நீங்கள் மட்டும் ஏன் நெளிகிறீர்கள்? சிலருடைய குடல் நரம்புகள் அதிக உணர்ச்சியோடு இருக்கின்றன. ஐபிஎஸ் என்று சொல்லப்படும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு இது சகஜம். அடுத்தவருக்கு வருகிற அதே அளவு வாயுதான் இவருக்கும் வரும், ஆனால் இவருக்கு அது வலியாகத் தெரியும். "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சுண்டல் சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலேயே உப்பிவிடுகிறதே, அது சுண்டலால்தானா?

அநேகமாக அந்தச் சுண்டலால் இல்லை. சாப்பிட்டது பெருங்குடலை எட்டவே பல மணி நேரம் ஆகும். உடனே வருகிற உப்புசத்துக்கும் "பாத்ரூம் போக வேண்டும்" என்ற அவசரத்துக்கும் வேறு காரணங்கள் உண்டு. வயிறு நிரம்பியதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும், ஏற்கெனவே அங்கே தேங்கியிருப்பது கடமுடா என்று கிளம்பும். வேகமாக விழுங்கும்போது உள்ளே போகிற காற்றும் சேர்ந்துகொள்ளும்.

எனவே மத்தியானம் உப்பினால் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள், ராத்திரி உப்பினால் மத்தியானச் சாப்பாட்டைப் பாருங்கள். பலர் கடைசியாகச் சாப்பிட்ட பொருளின் மேல் பழியைப் போட்டு, ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் தயிர்சாதத்தில் வந்து நிற்கிறார்கள். தயிர்சாதமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அது வேறு கதை.

எந்தப் பயறு சுலபம், எது கஷ்டம்?

ஆளுக்கு ஆள் மாறும், இருந்தாலும் ஒரு பொதுவான வரிசை சொல்லலாம். தோல் நீக்கிய பாசிப்பருப்பு எல்லாவற்றையும்விடச் சாது. உடம்பு சரியில்லாதவருக்கு அரிசியோடு பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கஞ்சியாகக் கொடுப்பது சும்மா வந்த பழக்கம் இல்லை. அடுத்து மைசூர் பருப்பு, துவரம்பருப்பு. முழுப்பயறில் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் (காராமணி என்றும் சொல்வார்கள்) பரவாயில்லை. கொண்டைக்கடலை, பட்டாணி, ராஜ்மா, காய்ந்த மொச்சை, கொள்ளு எல்லாம் மேலே ஏற ஏறக் கஷ்டம்.

தட்டைப்பயறைப் பற்றி ஒரு ஆய்வுத் தகவல். அமெரிக்காவில் தினமும் அரை கப் பயறு சாப்பிடவைத்துப் பார்த்த மூன்று சோதனைகளின் முடிவுகளை 2011-இல் வெளியிட்டார்கள். ராஜ்மாவுக்கு உறவான பின்டோ வகைகளைச் சாப்பிட்டவர்களில் முதல் வாரம் வாயு கூடியதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் கீழே. தட்டைப்பயறு சாப்பிட்டவர்களில் 19 சதவீதம்தான். வாரங்கள் போகப் போக அதுவும் குறைந்திருக்கிறது. ஒரு பயறு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக எல்லாப் பயறையும் விலக்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம். சுண்டல் ஆசைக்குத் தட்டைப்பயறிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன் நான்.

ஊறவைப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா? எப்படிச் செய்வது?

உண்டு, ஒரு நிபந்தனையோடு. வாயு உண்டாக்கும் அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. ஊறும்போது ஒரு பங்கு தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரை அப்படியே குக்கரில் ஊற்றினால் இறங்கியது திரும்ப உங்கள் தட்டுக்கே வந்துவிடும். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவதைச் சுருக்கினால் இதுதான்: ஒரு உணவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும்போது, அதன் தண்ணீர் எங்கே போனது என்று கேளுங்கள்.

கொண்டைக்கடலைக்கு நான் செய்வது இப்படி. ராத்திரியே நிறையத் தண்ணீரில், கடலைக்கு மூன்று நான்கு மடங்கு இருக்கும்படி, ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டு ஊறவைப்பேன். தூங்கப் போகும் முன் ஒரு முறை தண்ணீரை மாற்ற முடிந்தால் நல்லது. காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத்தண்ணீர் ஊற்றி ஒரு கொதி வந்ததும் அதையும் வடித்துவிட்டு, மறுபடி புதுத்தண்ணீரில் குக்கர் மூடி போட்டு வேகவைப்பேன். விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும். கடலையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் வெண்ணெய்போல் மசிய வேண்டும், நறுக்கென்று நின்றால் இன்னும் வேக வேண்டும். ஹோட்டல் சுண்டலில் கடலை முழித்துக்கொண்டு நிற்கும், பார்க்க அழகு, வயிற்றுக்கு ஆகாது.

பழைய கடலை எத்தனை விசிலுக்கும் வேகாது. வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்ததை வைத்துக்கொண்டு குக்கரைத் திட்டாதீர்கள். போர்வெல் தண்ணீரில் கால்சியம் அதிகம் என்றால் அதுவும் வேகவிடாது, குடிதண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். புளியையும் தக்காளியையும் பருப்பு நன்றாக வெந்தபிறகுதான் சேர்க்க வேண்டும், புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும்.

துவரம்பருப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் போதும்.

தண்ணீரைக் கொட்டினால் சத்தெல்லாம் போய்விடாதா?

கொஞ்சம் போகும். ஃபோலேட், பொட்டாசியம் போன்றவை தண்ணீரில் கரையும். ஆனால் புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் பயறிலேயே இருக்கும். வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. வயிறு வலிக்கும் என்று பயந்து பயறே சாப்பிடாமல் இருப்பவருக்கு அந்தச் சத்தில் எதுவுமே கிடைக்காதே. வயிறு தொந்தரவு செய்யாதவர்கள் தாராளமாகத் தண்ணீரோடு சாப்பிடலாம், அவர்களுக்கு இந்தப் பக்கமே வேண்டாம்.

கொள்ளு ரசம், சுண்டல் வேகவைத்த தண்ணீரில் வைக்கும் சூப் எல்லாம் லேசான உணவுதானே?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "கொள்ளைத் தின்றால் வாயு, அதனால் கொள்ளுத் தண்ணீரை மட்டும் ரசமாகக் குடிக்கிறேன்" என்பார்கள். நீர்த்திருப்பது எல்லாம் லேசானது என்று நினைத்துக்கொள்கிறோம். மெல்ல வேண்டியதில்லை, வயிற்றில் கனமாக நிற்காது, அதெல்லாம் சரி. ஆனால் கரைகிற சர்க்கரை எங்கே போயிருக்கும்? அந்தத் தண்ணீரில்தான். மேற்கு மாவட்டங்களில் கொள்ளு வேகவைத்த தண்ணீரை ரசமாகவும், வெந்த கொள்ளை மசித்துக் கடைசலாகவும் செய்வார்கள். உணர்ச்சி அதிகமுள்ள வயிற்றுக்கு, நன்றாக ஊறவைத்து வடித்த கொள்ளில் செய்த கடைசல் இரண்டு ஸ்பூன் சாப்பிடுவது, ஊறிய தண்ணீரும் சேர்ந்த ரசம் இரண்டு டம்ளர் குடிப்பதைவிட மேலாக இருக்க வாய்ப்பு உண்டு.

கொள்ளு ரசத்தை விடவே முடியாது என்றால், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், முதல் கொதி நீரையும் கொட்டிவிடுங்கள், பிறகு வேகவைத்த தண்ணீரில் ரசம் வையுங்கள். ருசி கொஞ்சம் மட்டுப்படும். ஒரு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெங்காயத்தையும் பூண்டையும் குழம்பிலிருந்து எடுத்து ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். அப்படியும் ஏன் உப்புகிறது?

அதே கதைதான். வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடர் இருக்கிறது. அதுவும் நமக்குச் செரிக்காது, அதுவும் தண்ணீரில் கரையும். சாம்பாரில் அரை மணி நேரம் கொதித்த சின்ன வெங்காயத்தை இலை ஓரம் தள்ளினாலும் அதிலிருந்து இறங்கியது சாம்பாரில் இருக்கத்தான் செய்யும். வெங்காயத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டிய சூப்பும் அப்படியே.

ஆனால் ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது, நமக்கு வசதியே இங்கேதான். நல்லெண்ணெயிலோ நெய்யிலோ பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டு, மெல்லிய தீயில் பொன்னிறமாகும்வரை வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் முழுவதும் கிடைக்கும், வயிற்றுக்குத் தொந்தரவு கிடையாது. தண்ணீரோ புளிக்கரைசலோ ஊற்றுவதற்கு முன்பே பூண்டை எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்துப் பயனில்லை. அந்தப் பூண்டு எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி அடுப்பு மேடையில் வைத்துவிடாதீர்கள். காற்றுப் படாமல் எண்ணெயில் கிடக்கும் பூண்டில் போட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம். அடியில் இருக்கும் வெள்ளைக் குமிழ் வேண்டாம், ஃப்ரக்டான் அங்கேதான் அதிகம்.

ஃபாட்மேப் என்கிறார்களே, அது இதுதானா?

ஆமாம். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் இந்த வகைச் சர்க்கரைகளுக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2005-இல் வைத்த கூட்டுப் பெயர் அது. மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் உணவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து அளவுகள் வெளியிட்டு வருகிறது. பயறில் இருப்பது, வெங்காயம் பூண்டு கோதுமையில் இருப்பது, பாலில் இருக்கும் லாக்டோஸ், மாம்பழத்தில் மிஞ்சும் ஃப்ரக்டோஸ், காளானில் இருக்கும் மானிட்டால் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

இரண்டு முதல் ஆறு வாரம் இவற்றைக் குறைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முறை. திரும்பச் சேர்க்கும் பகுதியை விட்டுவிட்டு, ஆயுள் முழுக்கப் பத்தியம் என்று எடுத்துக்கொள்வது தப்பு. பெருங்குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் இதுதானே சாப்பாடு. முடிந்தால் ஒரு டயட்டீஷியனோடு செய்யுங்கள்.

பெருங்காயம் போட்டால் வாயு வராது என்பது உண்மையா?

வாயுவுக்குப் பெருங்காயம் என்பது நம் சமையலில் காலங்காலமாக இருக்கிறது, இஞ்சி, சீரகம், ஓமம், சுக்கும் அப்படியே. பலருக்கு இதமாக இருக்கிறது, நானும் போடாமல் சமைப்பதில்லை. ஆனால் ஊறவைக்காத, அரைவேக்காட்டுச் சுண்டலில் ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சர்க்கரையைப் பெருங்காயம் உடைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பிசின் கொஞ்சம்தான், மீதி கோந்தும் மாவும். பல கம்பெனிகள் கோதுமை மாவுதான் சேர்க்கின்றன. சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள், கோதுமையே ஆகாது என்பவர்கள், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். அசல் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்துதான் நமக்கு வருகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாகவுல் பள்ளத்தாக்கில் செடியை நட்டு இங்கேயே வளர்க்கும் முயற்சி 2020-இல்தான் தொடங்கியது. விலை ஏன் அப்படி இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சோடா உப்பு போட்டு வேகவைக்கலாமா?

சீக்கிரம் வேகும், தோலும் குழையும். ஆனால் தயமின் என்னும் பி1 வைட்டமினை அது அழிக்கும், அதிகம் போட்டால் சோப்பு வாடை வரும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிலிருக்கும் சோடியம் வேண்டாத சுமை. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பிறகு நன்றாக அலசிவிட்டால் பெரிய குற்றமில்லை. குக்கரில் போட வேண்டாம்.

ராஜ்மா சாப்பிட்டால் வாந்தியே வருகிறது. இதுவும் வாயுத் தொந்தரவா?

இது வேறு விஷயம், கவனம் வேண்டும். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற லெக்டின் வகை நஞ்சு இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து கொட்டைகளே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, பிறகு பேதி. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத்தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத்துறையின் அறிவுரை. பிரஷர் குக்கரில் நன்றாகக் குழைய வேகவைத்தால் பயமில்லை.

ஆபத்து எங்கே என்றால், ஸ்லோ குக்கரில். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் காலையில் ராஜ்மாவை அதில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். கொதிநிலைக்கு வராத மிதமான சூட்டில் அந்த நஞ்சு அழியாது, 80 டிகிரி அளவில் வேகவைத்தது பச்சையைவிட மோசமாகக்கூட ஆகலாம். முதலில் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டு அப்புறம் ஸ்லோ குக்கரில் போடுங்கள்.

டின் பயறு வாங்கலாமா?

தாராளமாக. டின்னுக்குள்ளேயே மாதக்கணக்கில் ஊறுவதால் கரைய வேண்டியது அந்தக் கொழகொழத் தண்ணீரில் கரைந்திருக்கும். அதை வடித்து, பயறைக் குழாயடியில் நன்றாக அலசிவிட்டுச் சாப்பிடுங்கள். இப்படி அலசிய டின் கொண்டைக்கடலை கால் கப் வரை உணர்ச்சி வயிற்றுக்குப் பொதுவாக ஒத்துக்கொள்ளும் அளவு என்று மோனாஷ் சொல்கிறது. அந்தத் தண்ணீரை முட்டைக்குப் பதில் கேக்கில் அடித்துப் போடச் சொல்லி வீடியோ வரும், அது உங்களுக்கு இல்லை. நம் ஊரில் டின் விலைக்குப் பேசாமல் ராத்திரி ஊறவைத்துவிடலாம்.

சாம்பாரை எப்படி மாற்றுவது? தினமும் வைக்க வேண்டியிருக்கிறதே.

பருப்பைக் குறையுங்கள், துவரையில் பாதிக்குப் பாசிப்பருப்பு கலந்துகொள்ளுங்கள், ஊறிய நீரைக் கொட்டுங்கள், மத்தால் முழுக்கக் கடைந்துவிடுங்கள். வெங்காய சாம்பார் இல்லாமல் பூசணி, முருங்கை, கத்தரிக்காய், கேரட் சாம்பாராக வையுங்கள். தாளிக்கும்போது மேலே சொன்ன பூண்டு எண்ணெய். சாம்பார்ப் பொடியில் கடலைப்பருப்பும் துவரையும் இருப்பது பெரிய அளவில்லை, அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஹோட்டல் சாம்பாரை இரண்டு மூன்று கரண்டி வாங்கி இட்லியை மிதக்கவிட்டுச் சாப்பிடுவதைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும், கொஞ்சம் தொட்டுக்கொண்டால் என்ன?

ரசம் குடித்தால் நெஞ்சு எரிகிறது.

அது வாயு இல்லை, அமிலம் மேலே ஏறுவது. புளி, தக்காளி, மிளகு, மிளகாய் நான்கும் சேர்ந்தால் சிலருக்குத் தாங்காது. ரசத்தை வெறும் வயிற்றில் டம்ளரில் குடிக்காமல் சோற்றோடு பிசைந்து சாப்பிடுங்கள், புளியைப் பாதியாக்குங்கள், மிளகாயை விட்டுவிட்டு மிளகும் சீரகமும் கொஞ்சமாகப் போதும். பருப்புத் தண்ணீர் சேர்த்தால் காரம் மட்டுப்படும், ஆனால் வாயுத் தொந்தரவும் இருப்பவர்கள் அதைக் குறைவாக ஊற்றுங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள். நெஞ்செரிச்சலுக்குப் புதினா நல்லது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். புதினா எண்ணெய் மாத்திரை குடல் பிடிப்பைத் தளர்த்தும் என்பது சரிதான், கூடவே உணவுக்குழாயின் கீழ் வால்வையும் தளர்த்திவிடும், எரிச்சல் கூடலாம்.

ஹோட்டல் சூப், பாக்கெட் சூப் பற்றி?

சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தால் நல்லது என்று ஆர்டர் செய்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது? வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கிக் கொதித்த தண்ணீர், கெட்டியாக்கக் கார்ன் ஃப்ளவர் அல்லது மைதா, கிரீம் சூப் என்றால் பால், காளான் சூப் என்றால் காளானும் சேர்ந்து. பாக்கெட் சூப்பிலும் சூப் க்யூப்பிலும் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் பட்டியலில் இருக்கும். பொடி என்றால் கொஞ்சத்திலேயே நிறைய என்று அர்த்தம்.

வீட்டிலேயே வைப்பது கஷ்டமில்லை. கேரட், சுரைக்காய், பூசணி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, எல்லாம் குழைய வேகவைத்து மிக்ஸியில் அடித்து, மிளகுத்தூள், உப்பு, மேலே வெங்காயத்தாள் பச்சை. ஆறிய பிறகு அடியுங்கள், சூடாக மூடி போட்டு அடித்தால் மூடி பறக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டுக்கால் சூப்பும் கோழி சூப்பும் வெங்காயம் பூண்டு இல்லாமல் மிளகு சீரகத்தோடு வைத்தால் பெரும்பாலும் தொந்தரவு தராது, மேலே மிதக்கும் கொழுப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.

முளைகட்டிய பயறு நல்லதா?

முளைவிடும்போது விதை தன் சேமிப்புச் சர்க்கரையைத்தான் முதலில் செலவழிக்கிறது, அதனால் வாயுச் சர்க்கரை குறைகிறது. பச்சையாகச் சாப்பிடாமல் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். முளைகட்டும் ஈரச்சூட்டில் பயறோடு சேர்ந்து கிருமிகளும் சந்தோஷமாக வளரும்.

இட்லி ஒத்துக்கொள்கிறது, வடை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் உளுந்துதானே?

உளுந்துதான். இட்லி மாவு ராத்திரி முழுக்கப் புளிக்கும்போது லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை உங்களுக்கு முன்பே தின்றுவிடுகின்றன, பிறகு ஆவியில் வேகிறது. வடைக்கு மாவு புளிப்பதில்லை, மேலே எண்ணெய் வேறு, எண்ணெய்ப் பலகாரம் வயிற்றைவிட்டு இறங்கவே நேரம் ஆகும். அடையும் வடைப் பக்கம்தான், நாலு பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து உடனே ஊற்றுவது. அடை மாவைக் கொஞ்சம் புளிக்கவிட்டுப் பாருங்கள்.

பயறே சாப்பிடாமல் இருந்துவிட்டேன். எப்படித் திரும்பத் தொடங்குவது?

வெந்த பயறு இரண்டு டேபிள்ஸ்பூன், மத்தியானச் சாப்பாட்டோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கால் கப்புக்குப் போங்கள். குடலில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் பழக வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். ராத்திரி வேண்டாம். கூடவே கோலி சோடா, பன்னீர் சோடா என்று வாயுவை வெளியிலிருந்து ஊற்றிக்கொள்ளவும் வேண்டாம். வயதானவர்களுக்கு, பல்செட் போட்டவர்களுக்கு, முழுச் சுண்டலை மசித்துக் கொடுங்கள்.

நவராத்திரி சமயம்தான் சிக்கல், ஒரு சாயங்காலத்தில் நாலு வீடு, நாலு விதச் சுண்டல். வீட்டுக்கு ஒரு ஸ்பூன் அங்கேயே சாப்பிட்டுவிட்டு மீதியைப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

செரிமான மாத்திரை, சிரப் உதவுமா?

லேபிளில் ஆல்பா கேலக்டோசிடேஸ் என்று இருக்க வேண்டும், அதுதான் பயறுச் சர்க்கரையை உடைக்கும். சாப்பாட்டுக்கு நடுவில் எடுக்க வேண்டும், உப்பிய பிறகு எடுத்து லாபமில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துத் தரும் செரிமான சிரப்பில் பெரும்பாலும் டயஸ்டேஸும் பெப்சினும்தான் இருக்கும், அவை மாவையும் புரதத்தையும் உடைப்பவை, இதைத் தொடாது. ஆன்டாசிட் அமிலத்துக்கு, பெருங்குடல் வாயுவுக்கு இல்லை.

சர்க்கரை நோய்க்கு வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்த மாத்திரைகள் வேலை செய்வதே மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தித்தான், மிஞ்சியது பெருங்குடலில் புளித்து வாயுவாகும். பருப்பின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு வருடக்கணக்கில் அலைவதற்கு முன் மருந்துச்சீட்டைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறின் அளவையே அவரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, காய்ச்சல், ரத்தசோகை, விழுங்கும்போது சிக்குவது, ஐம்பது வயதை ஒட்டி முதன்முறையாகத் தொடங்கும் மாற்றம், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே போங்கள். சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

சரி, இன்றைக்குச் சாப்பிட்டாயிற்று, உப்பியும் விட்டது. இப்போது என்ன செய்ய?

உட்கார்ந்தே இருக்காதீர்கள், மெதுவாகப் பத்து இருபது நிமிடம் நடங்கள். இடுப்பில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் அல்லது சீரகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு அணைத்துப் பிடித்தால் வாயு நகரும், வெந்நீர் ஒத்தடமும் இதம். வருவதை அடக்க வேண்டாம், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். அடுத்த வேளைக்குக் குழைந்த சோறும் ஒரு காய்க் கூட்டும் போதும், பட்டினி கிடக்க வேண்டியதில்லை.